பட்டன் பாய் கேட்ட மூன்று நாள்

செய்தி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில், ஒரு பெரியவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டுக் குழுவின் ‘டீக்கடை’ அறையில் பட்டன் பாயின் பெயரிலிருந்து ஒரு தகவல் வந்து நின்றது.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜமால் அண்ணனோட தம்பி. அண்ணன் நேத்து காலையில மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம் ஆயிடுச்சு. அவங்க போன்ல இந்த குரூப்தான் மேல இருந்துச்சு, அதான் சொல்றேன். எல்லாரும் துஆ செய்யுங்க.”

முதலில் பதில் போட்டவர் குமார். துவாக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். “பாய், ரூம் மாத்திப் போட்டுட்டீங்க. இதைச் சபையில போடுங்க. அங்கயும் நாங்க நம்ப மாட்டோம்” என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் வைத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் அதை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அழிப்பதற்கு முன், எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது.

எங்களை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் ஆடுவது விண்வெளியில் நடக்கும் ஒரு போர் விளையாட்டு. ஒவ்வொருவருக்கும் சில நட்சத்திரங்கள், ஒரு கப்பற்படை, ஒரு நிறம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகர்வு. ஓர் ஆட்டம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நகர்வுக்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் பேச்சு. கூட்டணி, மிரட்டல், கெஞ்சல், துரோகம். ஆட்டத்தில் பாதி இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. திருச்சியைச் சுற்றியுள்ள பதினைந்து பேர் இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜமால் பாய்க்குப் பெரிய கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. தையற்காரர்களுக்கு வேண்டிய பட்டன், ஜிப், லேஸ். அதனால்தான் பட்டன் பாய். அதற்கு முன் பதினோரு ஆண்டு துபாயில், எந்தப் பெட்டியை எந்த லாரியில் எந்த வரிசையில் ஏற்றுவது என்று முடிவு செய்யும் வேலை. அங்கே அறைத்தோழர்களுடன் ஆடப் பழகியதுதான் இந்த ஆட்டம். “முதல்ல இறக்க வேண்டியதைக் கடைசியா ஏத்தணும். கப்பலும் அப்படித்தான்” என்பார். அவருடைய படை எப்போதும் சரியான வரிசையில் வந்து இறங்கும். தோற்றவர்கள் வயிறெரிந்து திட்டுவோம், அவர் “சரி சரி, டீ சொல்லவா?” என்பார்.

இரண்டு அறை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒருமுறை ஒருவர், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சண்டையை நிறுத்தவைத்து, அந்த இடைவெளியில் படை திரட்டிவிட்டார். அப்பா நலமாக இருந்தார். அன்று ஜமால் பாய்க்கு வந்த கோபத்தை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. “ஆட்டத்துல பொய் சொல்லுங்க, அதுக்குத்தான் ஆட்டம். வீட்டு மனுஷங்க உடம்பை வச்சுப் பொய் சொல்லாதீங்க” என்றார். அதன் பிறகு ‘சபை’, ‘டீக்கடை’ என இரண்டு அறைகள் ஆயின. சபையில் சொல்வது எல்லாம் ஆட்டம். யாரும் நம்பத் தேவையில்லை. டீக்கடையில் சொல்வது சத்தியம். உடம்பு, வீடு, கல்யாணம், சாவு எல்லாம் டீக்கடையில் மட்டும். அங்கே ஒருவர் வாய் திறந்து சொன்னால், எதிரிகள்கூடக் கேள்வி கேட்காமல் படையைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் ‘கொள்ளிடம்’ என்ற பெயரில் ஆடினேன். திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. குழுவில் எல்லோரும் என்னைத் தம்பி என்றார்கள். நான் திருத்தவில்லை. குரல் அழைப்புகளில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். “கொள்ளிடம் தம்பி வாயைத் திறக்காது, வாயில போடுறதுக்கு மட்டும்தான் திறக்கும்” என்று ஜமால் பாய் கேலி செய்வார். அவருடைய நட்சத்திரங்களில் மூன்றை நான் விழுங்கியிருந்த சமயம் அது.

ஒருமுறை அவரை நேரில் பார்த்தேன். சித்தி மகள் கல்யாணத்துக்கு லேஸ் வாங்கும் சாக்கில் அந்தக் கடைக்குப் போனேன். குரலை வைத்தே அடையாளம் தெரிந்தது. மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. கல்லாவின் கண்ணாடிப் பலகைமேல் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பட்டன்களைப் பரப்பி வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டத்தின் வரைபடம் அது. நீலம் நான்.

பக்கத்தில் நின்ற தையற்காரர் ஒரு பச்சைப் பட்டனைத் தொட்டு, “பாய், இது ஒரு டஜன் குடுங்க” என்றார்.

“அதை எடுக்காதீங்க மாமா, வடக்கு எல்லை காலியாயிடும்.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல, உள்ள வேற இருக்கு, தரேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார்.

நான்தான் கொள்ளிடம் என்று சொல்ல வாயெடுத்தேன். “ரெண்டு மீட்டர் கோல்டு லேஸ்” என்றுதான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் நான் தங்கியிருக்கும் விடுதிக்குத் திரும்பியதும் அவருடைய வடக்கு எல்லையைத் தாக்கினேன். அங்கே காவலுக்கு ஒரே ஒரு கப்பல்தான் இருக்கிறது என்பதைப் பலகையில் பார்த்துவிட்டிருந்தேன். “நம்ம நடுவுல எவனோ ஒற்றன் இருக்கான்” என்று சபையில் ஒரு வாரம் புலம்பினார். மற்றவர்கள் குமாரைச் சந்தேகித்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இன்னொரு நாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரே பஸ். நான் போகவில்லை.

இனி எழுதப்போவது குழுவில் யாருக்கும் தெரியாது.

அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, சபையிலிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு தூது அனுப்பினார். “தம்பி, நமக்குள்ள மூணு நாள் சண்டை வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்.” காரணம் சொல்லவில்லை. என் படை அப்போது அவருடைய தலைநகரை நெருங்கியிருந்தது. முந்தைய ஆட்டத்தில் இதேபோல் குமாரிடம் மூன்று நாள் வாங்கி, அதற்குள் படை சேர்த்து, நாலாம் நாள் குமாரை ஒழித்தவர் அவர். நான் எழுதினேன்: “பாய், இந்தப் பழைய வித்தைக்கு நான் ஆளில்லை. குமாரைக் கேளுங்க.”

“சரி தம்பி. ஆடுங்க.”

இரண்டாம் நாள் தலைநகர் விழுந்தது. அந்த நட்சத்திரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ஷிஃபா. ஆட்டத்தில் நிறம் மாறும், பெயர் மாறாது. நான் சபையில் எல்லோரும் பார்க்க எழுதினேன்: “பட்டன் அறுந்தது.” பத்துப் பேர் சிரித்தார்கள். வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து, “நல்ல அடி தம்பி” என்று வந்தது. அவர் எனக்கு எழுதிய கடைசி வரி அதுதான்.

பிறகு அவர் மௌனமானார். இந்த ஆட்டத்தில் மௌனம் என்றால் பெரிய தாக்குதலுக்குத் தயாராகிறார் என்று பொருள். நான் எல்லையில் கப்பல்களை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன்.

இதய அறுவை சிகிச்சைக்காக அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, எனக்குத் தூது அனுப்பிய அதே நாளில். அங்கிருந்து அவர் திரும்பவில்லை. இதெல்லாம் அவருடைய தம்பி பிறகு சொல்லித்தான் தெரியும். டீக்கடையில் ஒரு வரி போட்டிருந்தால் மற்றப் பதினாலு பேரும் சண்டையை நிறுத்தியிருப்போம். அவர் போடவில்லை. உடம்பைச் சொல்லி ஆட்டத்தில் சலுகை வாங்குவது அவருக்குப் பிடிக்காத காரியம்; உண்மையாகவே உடம்பு சரியில்லை என்றாலும் அப்படித்தான் போலிருக்கிறது. அவர் போட்ட வழக்கப்படி நான் செய்ததில் தவறில்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ‘மூணு நாள்’ வரியை மறுபடி படிக்கும்போது அது உதவவில்லை. ஏன் பாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை.

வெள்ளிக்கிழமை குமாரும் இன்னும் இருவரும் துக்கம் விசாரிக்கப் போவதாக டீக்கடையில் எழுதினார்கள். நானும் வருகிறேன் என்றேன். வீட்டு வாசலில் சுடிதாரில் நின்ற என்னைப் பார்த்து, “யாருங்க, வழி தெரியலையா?” என்றார் குமார்.

“நான்தான் கொள்ளிடம்.”

“அடப்பாவி” என்றவர், உடனே, “மன்னிச்சுக்கங்க” என்றார்.

பாயின் தம்பி அந்த மூவரையும் முன்னறையில் உட்காரவைத்தார். ஜமால் பாயின் மனைவி இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்ப்பதில்லை. “நீங்க உள்ள போங்கம்மா, மச்சியைப் பாருங்க” என்று அண்ணி இருந்த அறையைக் காட்டினார் தம்பி. எங்களில் என்னால் மட்டும்தான் அந்த அறைக்குள் போக முடிந்தது. போய் நான் யாரென்று சொன்னேன்.

“நீயாம்மா கொள்ளிடம்? தம்பி தம்பின்னுல்ல சொல்வாங்க” என்றார் அவர். அழுது ஓய்ந்த முகம். “ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கும் போனையே பாத்துட்டிருந்தாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுல? எனக்குக் காட்டேன்.”

ஆட்டத்தைத் திறந்து நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் பார்த்து, ஓரிடத்தில் விரல் வைத்தார்.

“ஷிஃபா. எங்க பொண்ணு பேரு. பேரு வச்சப்ப எங்கிட்டச் சொன்னாங்க.” பிறகு, “அவங்க கலரு பச்சைன்னாங்களே. இது நீலமா இருக்கு?”

“நீலம் நான்தான்க்கா.”

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். “ஓ. அவங்க ஆஸ்பத்திரியில இருந்ததால நீ பாத்துக்கிட்டியாம்மா? நல்லா இருப்பே.”

இல்லை அக்கா, அவர் அவகாசம் கேட்டார், நான் தராமல் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

ஏழெட்டு வயதுப் பெண், தலையில் முக்காடு நழுவ ஓடிவந்தாள். திரையில் தன் பெயரைப் பார்த்ததும் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க அந்த நீல நட்சத்திரம் நிறைந்தது. “அத்தா எனக்கு வச்சது” என்று என்னிடம் சொன்னாள், எனக்குத் தெரியாது என்பதுபோல.

ஜமால் பாய், நீங்கள் கேட்டது மூன்று நாள். என்னிடம் நிறைய இருந்தது, நான் தரவில்லை. உங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லும் தைரியமும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அக்கா இதைப் படித்துவிட்டு என்னை மறுபடி உள்ளே விடுவாரா, தெரியாது. அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்பப்போகிறேன். நிம்மதியாகப் போய்ச் சேருங்கள் பாய்.