இடத்தை விட்டு ஓடாதவர்

ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போய், ஓட்டத் தேர்விலேயே நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டவன் நான். ஆனால் போர்க்கதை சொல்வதில் என்னை அடிக்க ஆளில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை எனக்கு. காலையில் மெஷின்களைத் தொடும் முன் ஐந்து நிமிடம் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும். ஹெல்மெட், கையுறை என்று தினமும் அதையே சொன்னால் நின்றபடியே தூங்குவார்கள். அதனால் மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் படித்த கதைகளை எடுத்துவிடுவேன். தொடையில் குண்டு பாய்ந்தும் காவலை விடாத சிப்பாய், கூட்டாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தவன். கடைசியில், "ஆம்பளன்னா எடத்த உட்டு ஓடக் கூடாதுபா" என்பேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

முன்வரிசையில் நின்று கேட்பவர் உலை ஆபரேட்டர். என்னைவிட மூத்தவர், இருந்தும் சார் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் உலைக்குப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. சைரன் அடித்தால் போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடிவர வேண்டும் என்பது விதி. ஓடினோம். நான்தான் முதலில் ஓடினேன். தலைகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. உலை ஆபரேட்டர் எண்ணெய் வால்வை மூட உள்ளேயே நின்றுவிட்டார். மூடியும்விட்டார். இரண்டு கைகளும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "நான் எடத்த உட்டு வர்ல சார்" என்றார். முகமெல்லாம் பெருமை.

விசாரணையில் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உள்ளயே நிக்கச் சொல்லி நீங்க எப்பவாச்சும் பேசியிருக்கீங்களா?"

"இல்ல சார். ஓடி வரச் சொல்லித்தான் தினம் சொல்லிக்கினு இருக்கேன்."

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விதியை மீறியவர் என்று முழுப் பழியும் அவர் தலையில் விழுந்தது. வேலையும் போயிற்று. கைதட்டியவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டருகே அவர் மனைவி நின்றிருந்தார்.

"சார், நீங்க சொல்ற கதைய ஊட்டுக்கு வந்து எங்களுக்கும் சொல்லுவாரு. அத நம்பித்தான் நின்னாருன்னு நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க சார். இப்ப சோறுகூட நான்தான் ஊட்டிக்கினு இருக்கேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருக்கு எதிரா எழுதிக் குடுத்ததே நீங்கதான்னு சொல்றாங்க. நானும் அப்டித்தான் நெனச்சேன். அவருகிட்ட சொன்னதுக்கு என்னிய திட்டிட்டாரு சார். 'சாரு அப்டிப்பட்ட ஆளு இல்ல, வாய மூடு'ன்னாரு. இங்க வந்ததே அவரு சொல்லித்தான்."

"பாக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். இன்றுவரை மேனேஜரிடம் போகவில்லை. போக மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அங்கே வீட்டில் ஒரு மனிதர், இரண்டு கைகளும் போன பிறகும், என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.