சின்ன அடுப்பின் ரசிகை

பெங்களூரு ஜோகுபாளையத்து ஜானகிக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. பாதிப் பேர் அதே தெருவில் இருந்துகொண்டே அவளை எட்டிப் பார்க்காதவர்கள். மீதிப் பேர் கைபேசி வீடியோவுக்குள் இருந்தார்கள். இந்த இரண்டாவது வகையோடுதான் அவளுக்கு ஒட்டுதல் அதிகம்.

காலையில் குழாயடியில் நிற்கும்போது, கோயம்புத்தூர் மொட்டைமாடியில் தக்காளி வளர்க்கும் ரிட்டையர்டு வாத்தியார். தொம்மலூருக்கு பஸ்ஸில் போகும்போது, சவூதியில் லாரி ஓட்டும் தம்பி. பாலைவனத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சாம்பார் வைப்பான். மத்தியானம், ஊர் ஊராக மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டும் அண்ணன் தம்பி இருவர். "இப்படித் தின்னா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்" என்று அவர்களைத் திட்டிக்கொண்டேதான் ஜானகி தன் தயிர்சாதத்தைச் சாப்பிடுவாள். லாரித் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடாது. தன் சொந்தத் தம்பி ஓசூரில் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நாள் முழுக்க அங்கே அவளோடு பேசுகிறவர்கள் டிஷ்யூ பேப்பர் தீர்ந்துவிட்டது என்பதைத்தான் பேசுவார்கள். புருஷன் ரவிக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி வரும்போது மனிதன் பாதித் தூக்கத்தில் இருப்பான். மகள் வீணா வேலைக்குப் போகிற பெண். அவள் காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருக்கும். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவது தீபாவளிக்கும் கரண்ட் போகிற நாளுக்கும்தான்.

கைபேசிக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது வீணாதான். அதனால் 'வீணா ரவி' என்ற பெயரில், ஒரு பூனைப் படத்தோடு, ஜானகி உலகத்துக்கெல்லாம் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். டைப் அடிக்கத் தெரியாது. மைக்கைத் தட்டிப் பேசுவாள், அது தமிழில் எழுதிக்கொடுக்கும். வீடியோ வந்த உடனே முதல் ஆளாகப் போட்டுவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வீம்பு.

எல்லாரையும் விட அவள் உயிரை வைத்திருந்தது 'சின்ன அடுப்பு' என்ற சேனல் மேல். அதை நடத்திய பெண் முகத்தைக் காட்டியதே இல்லை. இரண்டு கைகள், ஒற்றை பர்னர் அடுப்பு, காரை பெயர்ந்த சுவர், அவ்வளவுதான். பேர்கூடச் சொல்லமாட்டாள். ரவையைக் கிளறிக்கொண்டே எதையாவது பேசுவாள். நடுவில் ஒரு குழந்தை "அம்மா, பசிக்குது" என்று கேட்கும். "இருடா கண்ணு, அக்காங்கல்லாம் பாக்கறாங்க" என்பாள். அந்த அக்காங்களில் ஒருத்தி தான் என்பதில் ஜானகிக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓஸ்வால்டு மளிகைக் கடையில் ஜானகி சோப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ கால் கிலோ ரவை கேட்டார்கள். ஜானகி சோப்பை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். துப்பட்டாவால் தலையை மூடிய ஒல்லிப் பெண், இடுப்பில் நான்கு வயசுக் குழந்தை. முகம் யாரோ, ஆனால் குரல் அதே குரல். ஜானகி பின்னாலேயே போய், தெருக்கோடி மாவு மில்லின் மாடிப்படி அருகே பிடித்துவிட்டாள்.

"நீ சின்ன அடுப்பு தானமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிற்று. ஜானகி பதறி, "அய்யோ, நான்தாம்மா வீணா ரவி. பூனை படம்" என்றாள்.

அவள் ஜானகியை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "நீங்கதானாக்கா? யாரும் பாக்காத காலத்துலயே கமெண்ட் போட்டவங்களாச்சே நீங்க. மேல வாங்க."

மாடியில் ஒற்றை அறை. காரை பெயர்ந்த அந்தச் சுவரை ஜானகி தொட்டுப் பார்த்தாள். பெண்ணின் பேர் சிந்து, ராசிபுரம் பக்கம். குழந்தை யாழினி. புருஷன் அடித்து அடித்து இடது காது பாதி கேட்காது என்று, உப்புமா எப்படிச் செய்வது என்று சொல்கிற அதே குரலில் சிந்து சொன்னாள். யாழினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இந்தச் சேனலில் வருகிற வருமானத்தில்தான் வாடகை.

"அவருக்கு என் குரல் தெரியுங்க்கா. வீடியோவையும் பாப்பாரு. ஆனா எந்த ஊருன்னு தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாரு, கொழந்தைய புடுங்கிக்குவாரு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க்கா."

"என் கொழந்த மேல சத்தியமா சொல்லமாட்டேன்" என்றாள் ஜானகி.

சொல்லவும் இல்லை. ரவியிடம் இல்லை, வீணாவிடம் இல்லை, குழாயடியில் இல்லை. வாய் சும்மா இருக்காதவள் என்று பேர் வாங்கியவளுக்கு இது லேசான காரியமா? அடுத்து வந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று பிறகு அவளுக்குத் தோன்றும். வேலை முடிந்து வரும்போது கறிவேப்பிலையோ முருங்கைக்கீரையோ வாங்கிக்கொண்டு மில் மாடிக்குப் போவாள். யாழினி "பூனை அத்தை" என்று ஓடிவரும். அவலை எப்படி ஊறவைத்தால் குழையாது என்று ஜானகி காட்டிக்கொடுத்தாள். அடுத்த வாரம் வீடியோவில், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா சொன்னாங்க" என்று வந்தது. அதை ஆபீஸ் பாத்ரூமில் நின்று நாலு தடவை போட்டுக் கேட்டாள். அந்த அக்கா நான்தான் என்று ஒருத்தரிடமும் சொல்ல முடியவில்லையே என்பது மட்டும் தொண்டையில் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் முளைத்தான். மற்றவர்களின் சேனல்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவதே பிழைப்பாக ஒரு சேனல் நடத்துபவன். தலைகீழாகத் தொப்பி போட்டிருப்பான். 'முகம் மறைக்கும் அடுப்பு, பின்னணி என்ன' என்று ஒரு வீடியோ போட்டான். இவள் பெரிய பணக்காரர் வீட்டு அம்மா, கடற்கரை பங்களாவில் இருக்கிறாள், அந்த உடைந்த சுவர் செட்டு, குழந்தை வாடகைக்கு என்று வாய்க்கு வந்ததை அளந்தான். கீழே கூட்டம் கூட்டமாகச் சிரித்துவைத்திருந்தார்கள். 'நடிப்புராணி' என்று ஒருத்தர். 'காசுக்காக அழுகிறாள்' என்று இன்னொருத்தர்.

ஆபீஸ் ஸ்டோர் ரூமில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜானகி டப்பாவை மூடிவைத்தாள். தன்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். மைக்கைத் தட்டினாள்.

"ஏன்யா, வாய் இருக்குதுன்னு என்னா வேணா பேசுவியா? நான் அவங்கள நேர்ல பாத்தவ. பெங்களூரு ஜோகுபாளையத்துல எங்க தெருக்கோடில மாவு மில்லு மாடில ஒத்த ரூம்ல, சின்னக் கொழந்தைய வச்சிகினு அந்தப் பொண்ணு படற கஷ்டம் எனக்குத் தெரியும். பங்களாவாம் பங்களா."

அவ்வளவையும் கைபேசி தப்பில்லாமல் எழுதியது. அவள் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். 'சரியான செருப்படி அக்கா' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். 'நிஜமாவா, நீங்க பாத்தீங்களா' என்று கேட்டவருக்கு, 'நான் எதுக்கு பொய் சொல்றேன், என் கையால அவலு ஊறப்போட்டேன்' என்று பதிலும் போட்டாள். பல மாதமாகத் தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவள் நடையே வேறாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வீணா அவள் முன்னால் கைபேசியை நீட்டினாள். "எம்மா, இது என்னா? என் பேர்ல யாரோ அட்ரஸையே போட்டு வச்சிகீறாங்க. நீயா?"

"அந்தப் பொண்ண தப்பா பேசறான்டீ. அதான்."

"அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம இருக்குதா?"

ஜானகி அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். "சத்தியமா நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலடீ. கமெண்ட்ல தானே போட்டேன். அங்க நம்ம ஆளுங்கதானே இருப்பாங்க."

வீணா தலையில் அடித்துக்கொண்டாள். "லட்சம் பேர் பாத்துகீறான். அவங்க புருஷனும் பாத்திருப்பான். போய் அந்த அக்காகிட்ட சொல்லு மொதல்ல."

வீணாவே அந்தக் கமெண்டை அழித்தாள். ஜானகி செருப்பைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பவும் செய்தாள். மில் மாடிப்படியில் பாதி ஏறினாள். மேலே சிந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "நேத்து ஒருத்தங்க கேட்டீங்க, உங்களுக்கு யாருமே இல்லையான்னு. எனக்கு இங்க ஒரு அக்கா கிடைச்சிருக்காங்க. கூடப் பொறந்தவங்களுக்கு மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தது படியில் நின்றவளுக்குக் கேட்டது.

ஜானகி திரும்பி இறங்கிவிட்டாள். அதைத்தான் அழித்தாகிவிட்டதே, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். அந்த நாளை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. கமெண்ட் போட்டதையாவது தெரியாத்தனம் என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு வாரத்துக்கு ஜானகியால் இன்றுவரை தன்னிடமே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ் இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது, தமிழ்நாட்டு நம்பர் போட்ட கார் ஒன்று நின்றிருந்தது. டீக்கடை ஓரம் இரண்டு பேர். அதில் ஒருவன் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அத்தனை மரியாதை.

"அக்கா, கொஞ்சம் பாருங்க. இந்த வீணா ரவிங்கறவங்க வீடு எதுங்க? அந்தத் தெருக்கோடில ஒரு மாவு மில்லு இருக்குதுங்களாம்."

அவன் நீட்டிய கைபேசியில் அவளுடைய கமெண்ட் இருந்தது. அழிப்பதற்கு முன்னாலேயே யாரோ படம் பிடித்துவைத்திருக்கிறார்கள். பூனைகூடத் தெளிவாக இருந்தது. மாவு மில் என்ற இடத்தில் அவன் விரல் வைத்திருந்தான். 

"நான் இந்தத் தெரு இல்லீங்க" என்றாள். "மாவு மில்லுன்னா அல்சூர் மார்க்கெட்டாண்ட ஒன்னு கீது. அங்க கேளுங்க."

"ரொம்ப நன்றிங்க" என்று அவன் கும்பிட்டான்.

கார் திரும்பும்வரை நடந்தாள், திரும்பியதும் ஓடினாள். மாடிக்குப் போய், "ஆளுங்க வந்துகீறாங்கமா, கெளம்பு" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. சிந்து உடனே எழுந்தாள். இதற்காகவே கட்டிவைத்திருந்த மாதிரி கதவு மறைவிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். வாணலியில் வெங்காயம் பாதி வதங்கியிருந்தது. யாழினிக்கு ஒரு கால் செருப்பு அகப்படவில்லை, விட்டுவிட்டார்கள். பின்பக்கச் சந்து வழியாக மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போய், கன்னடத்தில் பேசி ஆட்டோ பிடித்துக் கொடுத்தது ஜானகிதான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிந்து கேட்டாள். "எப்படிக்கா கண்டுபிடிச்சாரு?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அதற்காகவே வந்தது போலத்தான் இருந்தது. ஜானகி சொன்னது, "தெரியலயேமா."

சிந்து அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லைன்னா இன்னிக்கி எங்க கதி என்னாயிருக்குங்க்கா." ஆட்டோ போய்விட்டது. அன்றைக்கே சிந்துவின் கைபேசி நம்பரும் செத்துவிட்டது.

கார்க்காரர்கள் மறுபடி வந்தார்கள், மில்லையும் கண்டுபிடித்தார்கள், பூட்டை உடைத்துக் காலி அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் அடுப்பையும் பாத்திரத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு வேறு ஆளுக்கு அறையை விட்டார். சேனலில் புதிதாக ஒன்றும் வரவில்லை. வாத்தியாரின் தக்காளி, லாரித் தம்பியின் சாம்பார் எதுவும் ஜானகிக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனாள். வீணா அதற்குப் பிறகு அவளை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஜானகிக்கு இருந்தது.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஆபீஸ் ஸ்டோர் ரூமில் கைபேசி மணியடித்தது. 'சின்ன அடுப்பு' புது வீடியோ.

அதில் கையும் இல்லை, அடுப்பும் இல்லை. வெற்றுச் சுவரைக் காட்டிக்கொண்டு சிந்துவின் குரல் மட்டும் வந்தது. இதுதான் கடைசி வீடியோ என்றாள். ஒரு ஹாஸ்டலில் இருக்கிறார்களாம், அங்கே சமைக்க விடமாட்டார்களாம். ஒரு கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. கேஸ் நடக்கிறது. யாழினி இப்போதெல்லாம் யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். இதையெல்லாம் அதே உப்புமாக் குரலில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒருத்தங்களுக்கு மட்டும் நன்றி சொல்லணும். நாங்க இன்னிக்கி உசுரோட இருக்கோம்னா ஒரு அக்காவாலதான். அவங்க பேரையோ ஊரையோ நான் சொல்லமாட்டேன். சொன்னா அவங்களுக்கு ஆபத்து வந்துரும். அக்கா, நீங்க இத பாப்பீங்கன்னு தெரியும். நீங்களும் பேர் போட வேணாம். ஒரே ஒரு பூ போடுங்க, போதும். நீங்க நல்லாருக்கீங்கன்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

வீடியோ முடிந்தது. ஜானகி கீழே தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். எங்கெங்கோ இருக்கிற அக்காக்கள் ரோஜாவும் தாமரையும் சூரியகாந்தியுமாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜானகி கட்டத்தைத் தொட்டு ஒரு பூவை வைத்தாள். அதன் பக்கத்தில், அந்தக் கார்க்காரன் கைபேசியில் இருந்த அதே பூனையும் 'வீணா ரவி'யும் இருந்தன. ஜானகி அந்தப் பூவை அழித்தாள்.