கொழுப்பு என்ற கட்டளை

குடிநீர் வாரியத்துக் கணினி அறையில் அவருக்குச் ‘சுருக்கு’ என்று பெயர். பதினோரு ஆண்டுகளாகத் தம் கறுப்புத் திரையில் நீளமான கட்டளை எதையும் அவர் அடித்ததில்லை. ‘காட்டு’ என்றால் கோப்புகள் வரிசையில் நிற்கும். ‘துரத்து’ என்றால் சிக்கிக்கொண்ட நிரல் ஓடிவிடும். ‘கொழுப்பு’ என்றால் வன்தட்டை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்புறைகள் பருமன்வாரியாகத் தலைகாட்டும். நீண்ட கட்டளைகளுக்கு அவரே வைத்துக்கொண்ட இந்தச் செல்லப் பெயர்களுக்காக அமைப்புக் கோப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கு மேலும் தேதி, காரணம், அன்று வீட்டில் நடந்த சங்கதி.

அறைத் தலைவர் பதவி காலியானபோதுதான் வினை வந்தது. செய்முறைத் தேர்வு: வேறொரு கணினி, அவர் வைத்த பெயர் எதுவும் தெரியாத மொட்டைத் திரை, நாற்பது நிமிடம். அமைப்பைத் தொட்டால் தேர்வு செல்லாது. இருமுறை கைநழுவிய பதவி. இம்முறை விடுவதாக இல்லை.

“என்னங்க, நான் வச்ச பேருதான் ஞாபகத்துல நிக்குது. நிஜப் பேரெல்லாம் மறந்துபோச்சு.”

பேருந்து ஓட்டுநரான கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: “வேற டிப்போ வண்டியக் குடுத்தா நானும் இண்டிகேட்டருன்னு வைப்பரப் போட்டுட்டுத்தான் வளைவுல திரும்புவேன். வண்டி போய்ச் சேருதில்ல?”

“வழியெல்லாம் சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும். டிக்கெட் எடுத்தவங்கதானே.”

தேர்வறையில் அவருக்குத் தரப்பட்ட கணினியின் வன்தட்டு நிரம்பி, நீர்க்கட்டணப் பக்கம் முடங்கிக் கிடந்தது. பழக்கதோஷத்தில் ‘கொழுப்பு’ என்று அடித்தார். அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

“யாருக்கும்மா கொழுப்பு?”

“டிஸ்குக்கு சார்.”

கண்ணை மூடித் தம் கோப்பை மனத்துக்குள் புரட்டினார். “பல்லு புடுங்கினது... இல்ல. நாத்தனார் வந்தது, நாலு பெட்டி, கட்டிலுக்கு அடியிலயும் இடமில்ல...” அந்தத் தேதிக்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. நீண்ட கட்டளை எழுத்துப் பிசகாமல் விரலுக்கு வந்தது. வன்தட்டில் முக்கால் பங்கை அடைத்திருந்தவை பழைய பதிவுகள். அவற்றை நீக்கினார். முடங்கிய நிரலைத் துரத்த, பக்கத்து வீட்டுப் பூனை பாலைக் குடித்த நாள் கைகொடுத்தது. முப்பத்தாறாம் நிமிடத்தில் நீர்க்கட்டணப் பக்கம் எழுந்து நின்றது.

“முடிஞ்சுது சார். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்.” கட்டளை வரியின் தொடக்கக் குறி பச்சையாக ஒளிர்ந்தது. “இது வெள்ளையா இருந்துது. யோசிக்கிறப்ப கை சும்மா இருக்கல.”

தேர்வாளரின் பேனா நின்றது. “செட்டிங்ஸத் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கே.”

“ஃபைலத் தொடல சார். இந்த விண்டோவோட போயிடும். மூடித் திறந்து பாருங்க.”

மூடித் திறந்தார், வெள்ளை. ஐயம் தீராமல் அமைப்புக் கோப்பு கடைசியாக மாறிய தேதியையும் பார்த்தார். மூன்று ஆண்டுப் பழையது. தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி, அந்தப் பச்சைய எப்படிப் போட்டீங்க?”