ரித்திக்கு விட்ட இடம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நான் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டரைச் சரிசெய்தது. அவர் டார்ச் பிடித்தார். நான் கரி படிந்த காண்டாக்டுகளை உப்புத்தாளால் தேய்த்தேன்.

"கம்போடியாவுல பெரிய பெரிய பம்பா மாட்டுற. இத்தனூண்டு டப்பாவுக்கு இவ்ளோ நேரமாம்மா?"

"டார்ச்ச நேராப் புடிங்கப்பா."

மோட்டார் ஓடியது. அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்.

பெயர் வீரையன். நீடாமங்கலம் பக்கத்தில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. நில உச்சவரம்பில் தாத்தாவுக்குக் கிடைத்த கொஞ்சம் நிலத்தில் விவசாயம். தேர்தல் வந்தால் சுவர் எழுத்து. உதயசூரியன், இரட்டை இலை, கதிர் அரிவாள், யார் கூப்பிட்டாலும் எழுதுவார். கூலிப் போராட்டத்துக்கு மட்டும் காசு வாங்காமல் எழுதினார், அதுவும் மிராசுதார் அமிர்தலிங்கத்தின் மதிலில்.

"ஏண்டா, என் செவுத்துல எழுத யார்ரா ஒனக்குப் பட்டா குடுத்தது?"

"செவுரு உங்களுதுதாங்க. அதப் பாக்குற தெரு எங்களுது."

அடி விழுந்தது. இந்தக் கதையில் அப்பா அடியைச் சுருக்கி, பதிலை நீட்டிச் சொல்வார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வெள்ளையடித்தவருக்கே சுவர். வெள்ளையடித்து, ஓரத்தில் இன்னாருக்கு என்று எழுதிவிட்டால் மற்ற கட்சிக்காரர் தொடமாட்டார்.

2010இல், பம்பு வேலையாகக் கம்போடியாவின் பட்டம்பாங்கில் இருந்த என்னுடன் தங்க வந்தார். அதுவும் நெல் ஊர்தான். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. என் அலுவலகத்துக்கு அருகிலிருந்த அநாதைக் குழந்தைகள் காப்பகத்துக்கு அழைத்துப்போனேன். பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிட்டார். கொக்கு, எருமை, நாற்று முடி. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குக் கெமர் தெரியாது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், சாப்பாட்டுக் கூடத்தின் வெளிச்சுவரில் எல்லாரும் சேர்ந்து வரைவதாக ஏற்பாடு. அப்பா பழக்கதோஷத்தில் விடியும் முன்பே போய்ச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

போபா என்ற சிறுமி சுவரைப் பார்த்ததும் அலறினாள்.

"என்னம்மா, புள்ள ஏன் அழுவுது?"

விசாரித்துச் சொன்னேன். சுவரின் கீழ்ப்பகுதியில் அப்பாவுக்கு அழுக்குத் திட்டாகத் தெரிந்தவை கைத்தடங்கள். காப்பகத்தை விட்டுப் போகிற பிள்ளைகள் பதித்துவிட்டுப் போவது. அதில் ஒன்று அவள் அண்ணன் ரித்தியுடையது. அவன் வேலைக்காகத் தலைநகர் புனோம் பென் போயிருந்தான். அவளுக்கென்று அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அப்பா ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தார். சுண்ணாம்போடு அடிச்சாயமும் உரிந்து வந்தது. துணியைக் கீழே போட்டார்.

"கை எம்மாம் பெரிசுன்னு கேளும்மா. வரஞ்சு தர்றேன்."

கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னாள்: "நீங்க வரைஞ்சா அது உங்க கைதான்."

"ஞாயந்தான்" என்றார் அப்பா. பிறகு சுவரின் கீழே ஒரு கட்டம் போட்டு, ஓரத்தில் தமிழில் எழுதினார்: 'இவ்விடம் ரித்திக்கு.'

"இனிமே இத எவனும் தொடமாட்டான். அடுத்த தடவ வரும்போது நானே அவன்கிட்ட போயி, கையில சாயம் தடவி, துணியில பதிச்சு எடுத்தாறேன். சொல்லும்மா அதுகிட்ட."

சொன்னேன். போபா எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை எடுத்து, கட்டத்தைச் சுற்றி நாற்று வரைந்தாள். அப்பா குனிந்து அவளுக்குப் பச்சை கலக்கிக் கொடுத்தார்.

நான் விடுதியில் படித்தவள். அப்பா வேலை செய்வதை நான் உட்கார்ந்து பார்த்தது அந்தச் சில வாரங்கள்தான். அந்தக் காப்பகத்துக்கும், மன்னித்த அந்தப் பிள்ளைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சம்பா அறுப்பு முடிந்ததும் மறுபடி பட்டம்பாங் வருவதாக இருந்தார். ரித்தி வேலை செய்யும் பைக் பட்டறையை விசாரித்து வைத்திருந்தேன். பட்டம்பாங்கிலிருந்து புனோம் பென்னுக்குக் காலையில் பஸ் உண்டு. அறுப்புக்கு முன்பே போய்விட்ட அப்பா அதில் ஏறவில்லை.