பன்னிரண்டாவது கேள்வி

ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கணக்கெடுக்கும் பெண்கள் வீடு வீடாகக் கேட்டு நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பத்து வீட்டுக்கு ஒரு வீடு அவளே நேரில் போய், "எங்க ஆளு நிஜமாவே வந்தாளா?" என்று குடைவாள். பதினெட்டு வருஷமாக அவளிடம் யாருடைய பருப்பும் வேகவில்லை. நிஜ மனிதர்களிடம் வயது கேட்டால் அறுபது, எழுபது என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அறுபத்து மூன்று, அறுபத்தேழு என்று வரிசையாகக் கச்சிதமாக வந்தால், அதெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பேனா பெற்ற பிள்ளைகள். அப்படி ஆறு பேரை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள், பாவம் பார்த்ததில்லை.

இந்த முறை வயதானவர்களின் அன்றாடம் பற்றிய ஆய்வு. புதிதாகச் சேர்ந்த பெண் மீது முதல் நாளே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மற்றவர்கள் அரை மணியில் முடிக்கும் பேட்டிக்கு இவள் ஒன்றரை மணி என்று எழுதுகிறாள். ஊர் சுற்றிவிட்டு நேரத்தை இட்டு நிரப்புகிறாளோ? ஒரு படிவம் பொய்யென்று தெரிந்தாலும் வேலை போய்விடும். படிவக் கட்டை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்தாள். அதையும் பூதக்கண்ணாடி மனதில் குறித்துக்கொண்டாள்.

கட்டின் நடுவே அவளுடைய சொந்த வீட்டு முகவரி! வீடுகளைத் தேர்ந்தெடுத்த குலுக்கலில் அதுவும் விழுந்திருக்கிறது. பதில் சொன்னவர் அப்பா. பன்னிரண்டாவது கேள்வி: 'நேற்று யாரோடெல்லாம் பேசினீர்கள்?' பதில்: 'யாரோடும் இல்லை.'

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் காதில் பூ சுற்றுகிறாள்? காலையும் மாலையும் அப்பாவோடு பேசுகிறவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேனே! சொந்த வீட்டை இன்னொருவர்தான் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அதுவரை யார் பொறுப்பது? அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படிவத்தோடு கிளம்பினாள்.

"அப்பா, போன வாரம் கணக்கெடுக்க யாராவது வந்தாங்களா?"

"வந்துதே. நல்ல பொண்ணு."

"எவ்வளவு நேரம் இருந்தா? அஞ்சு நிமிஷமா?"

"ரொம்ப நேரம். ரெண்டு தடவை தண்ணி வாங்கிக் குடிச்சுது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையேம்மா."

அவள் படிவத்தை நீட்டினாள். "நீங்க யாரோடயும் பேசலன்னு எழுதியிருக்கா. அவளா எழுதிக்கிட்டதுதானே?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப தினமும் நான் பேசறது?"

"நீ விசாரிப்பம்மா. மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா, யாரு வந்தா. போட்டேன்னு சொன்னாலும் அட்டையை எடுத்து எண்ணிப் பாப்ப. அந்தப் பொண்ணு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிச்சு."

அவளுக்குச் சுரீரென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கண் தானாக அலமாரி மேலிருந்த மாத்திரை அட்டைக்குப் போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதனால அந்தப் பொண்ணு வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகாதுப்பா."

"வாயால சொன்னா எப்படி? எழுது."

விதியை ஓரமாக வைத்துவிட்டு, படிவத்தின் அடியில் 'பதில்கள் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"தேதி போடலையேம்மா" என்றார்.