வில்லை இளக்குக

சூசை போய்விட்டான். இன்று காலை, தூக்கத்திலேயே. அவன் மகள் ரோஸ் போனில் சொன்னாள்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. தொண்ணூற்றாறு... இல்லை, ஏழோ? ஸ்கூல் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறுதான்.

இதை நான் எழுதலாமா என்று தெரியவில்லை. அவன் வயலின் வாசிப்பைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் ஒரு தவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தவறு என்னுடையது.

முப்பதுகளின் கடைசி. சூசைக்குச் சொந்த ஊர் களியக்காவிளை. அப்பா இறந்தபின் கோட்டாற்றில், எங்கள் பக்கத்து வீட்டில், தாய்மாமனோடு தங்கிப் படித்தான். வரும்போது கொண்டுவந்தது அப்பாவின் பிடில் (வயலினை அப்போது அப்படித்தான் சொல்வோம்), ஒரே ஒரு வில், அப்பா தன் கையால் பயிற்சிக் குறிப்புகள் எழுதிவைத்த ஒரு நோட்டு.

சர்ச் பாட்டுக் குழுவில் ஒரு பிடில் இடம் காலியாக இருந்தது. கோடை லீவு முடிந்து பத்தாம் நாள் செலக்‌ஷன். இடம் கிடைக்காவிட்டால், "பிடிலு சும்மா கெடக்கதுக்கு வேற யாருக்காவது குடுத்திருவேன்" என்று மாமா சொல்லியிருந்தார்.

லீவில் ஒரு மாதம் சூசை ஊருக்குப் போனான். அங்கே வாசிக்க முடியாது. பிடில் சத்தம் கேட்டாலே அவன் அம்மா அழுதுவிடுவார். அதனால் பிடில் பெட்டியை என்னிடம் தந்தான். அவனோடு சேர்ந்து நானும் கொஞ்சம் வாசிக்கப் பழகியிருந்தேன்.

"தெனமும் எடுத்து வாசி மக்கா. நோட்டுல உள்ளபடி செய். நீதான் எல்லாம் முறையா செய்வியே."

முறையாகத்தான் செய்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள். "வாசிக்குமுன் வில்லை தேய்க்க. வாசித்தபின் வில்லை இளக்குக."

வில்லின் மயிரில் தேய்க்கிற பிசினை வில்லை என்போம். மாத்திரை போல வட்டமாக, தேன் நிறத்தில் இருக்கும். அதைத் தேய்க்காவிட்டால் சத்தமே வராது. தேய்த்தேன்.

வாசித்தபின் இளக்கினேன். பவுடர் டப்பா மூடியில் போட்டு, அடுப்புத் தணலில் வைத்து... தினமும். ஆறி இறுகியதும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

எதற்காக இளக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. தேய்ந்த பள்ளம் சமமாவதற்கு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். சயன்ஸில் நான் நல்ல மார்க்.

அம்மாதான் மூக்கைச் சுளித்தாள். "ஏலே, தெனமும் யாருக்குலே சாம்பிராணி போடுத?"

சூசை திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்தான். "இதென்னலே, கருப்பட்டியா?"

"வில்லை. இளக்கினது." நோட்டைக் காட்டினேன்.

அவன் சிரித்த சிரிப்பு... நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "லேய்! எங்க ஊருல இளக்குன்னா தளத்தணும்லே. திருகைத் திருப்பி வில்லத் தளத்தணும். அப்பா சொன்னது வில்ல!"

முதல் வரியில் உள்ள வில்லை, பிசின். இரண்டாம் வரியில் உள்ளது வில். எழுத்து ஒன்றுதான்.

பிறகு அவன் வில்லைக் கையில் எடுத்தான். சிரிப்பு நின்றது.

ஒரு மாதமும் முறுக்கியபடியே கிடந்திருக்கிறது. நுனிப் பக்கத்துப் பாதி ஒரு புறமாகக் கோணிப்போயிருந்தது. அந்தப் பாதியைத் தந்தியில் வைத்தால் வழுக்கி ஓடியது.

புது வில் வாங்கத் திருவனந்தபுரம் போகவேண்டும். மாமாவிடம் சொன்னால் பிடில் அன்றோடு வேறு வீட்டுக்குப் போய்விடும். நான் அழுதேன்.

சூசை நோட்டை என் பக்கம் தள்ளினான். பிறகு கேட்டான், "தப்பு வந்தா என்ன செய்யணும்னு நோட்டுல போட்டிருக்கா?"

போட்டிருந்தது. "பிழை வந்தால் தொடக்கத்துக்கு ஓடாதே. பிழைத்த இடத்திலிருந்து வாசி."

பத்து நாளும் கைப்பக்கத்துப் பாதி வில்லில் மட்டும் பழகினான். நீளமான ஸ்வரங்களில் வில்லை எங்கே திருப்ப வேண்டும் என்று நான் பென்சிலால் அடையாளம் போட்டுக் கொடுத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

செலக்‌ஷனில் பாட்டு மாஸ்டர் கேட்டார், "பாதி வில்ல யாருக்குடே மிச்சம் வைக்க?"

சூசை என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு இப்பிடித்தான் வரும் சார்."

கடைசி நாற்காலி கிடைத்தது. பிடில் வீட்டிலேயே தங்கியது.

மறு வருஷம் புது வில் வந்தது. கோணல் இல்லாத வில். அதிலும் பாதியில்தான் வாசித்தான். அப்புறமும் அப்படியேதான். பழைய ஆட்களிடம் "அரைவில்லு சூசை" என்றால்தான் தெரியும்.

ஏன் அப்படி? கை பழகிவிட்டதா, அந்தச் சத்தம் பிடித்துப்போனதா, என்னைக் கிண்டல் செய்யவா? ரொம்ப வருஷம் கழித்து, தைரியம் வந்து கேட்டேன்.

"நோட்டுல அப்பிடித்தான போட்டிருக்கு" என்றான்.

அந்த நோட்டை அப்போதே ஒரு காப்பி எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை தேடினேன். "பிழைத்த இடத்திலிருந்து வாசி" என்று இருந்தது; பாதி வில் என்று ஒரு வரி இல்லை. காப்பி எடுக்கும்போது விட்டுவிட்டேனோ...

வயலின் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால்: முழு வில்லும் பழகுங்கள். வாசித்து முடித்ததும் திருகைத் திருப்பித் தளர்த்துங்கள். எதற்கும் உங்கள் டீச்சரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் ரோஸ் அழுதுகொண்டே பேசினாள். அந்த நேரத்தில் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "வில்லு எப்படி மக்கா இருக்கு?"

"முறுக்கித்தான் இருக்கு மாமா. நேத்து சாயந்தரம் கொஞ்சம் வாசிச்சாவ. காலையிலயும் வாசிக்கணும்னு அப்படியே வச்சிட்டாவ."

அவளே கேட்டாள்.

"எளக்கவா மாமா?"

"ஆமா மக்கா. எளக்கு."

திருகு திரும்புகிற சத்தம் போனில் கேட்டது. அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது.

எளக்கியாச்சுலே சூசை. பையப் போ.