எரிச்சே மலையில் ஒரு பை அரிசி

எங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருடம் முடிந்த நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்தது. நாங்கள் இருப்பது இத்தாலியின் சிசிலித் தீவில். என் மனைவி வதனி லிபெர்த்தா வீதியில் வயதான இத்தாலிய அம்மா ஒருவரை, அதாவது ஒரு சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். வியாழன் பின்னேரம், இரவுச் சாப்பாட்டு நேரம் வரை, அவளுக்கு லீவு. இம்முறை காலையையும் சேர்த்துக் கேட்டு வாங்கினாள். நானும் வேலைபார்க்கும் மொண்டெல்லோ உணவகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் எடுத்தேன். மலையுச்சிப் பழைய ஊரான எரிச்சேக்குப் புறப்பட்டோம்.

உண்மையான காரணம் ஒரு படம். எங்களுக்குக் கொழும்பில் பதிவுத் திருமணம் மட்டும்தான் நடந்தது. வதனியின் அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. என் விசாவோ காத்திருக்காது. மேளமில்லை, மணவறையில்லை, அறுகும் அரிசியும் சேர்த்து அறுகரிசி போட்டு வாழ்த்த ஒருவருமில்லை. கல்யாணப் படத்துக்கென்று வீட்டுச் சுவரில் அவள் அடித்த ஆணியில் என் தொப்பிதான் தொங்குகிறது. கட்டாமலே கிடந்த கூறைச் சேலையைக் கட்டி, எரிச்சேக் கோட்டையும் கீழே கடலும் தெரிய ஒரு படம் எடுத்து அந்த ஆணியில் மாட்டுவதென்று திட்டம்.

காலை ஏழு மணிக்குப் பஸ். மலையடி நகரமான திராபனிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம், ஆளுக்குப் பத்து யூரோ. அங்கே கேபிள் கார் காற்றினால் ஓடவில்லை. மலைப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினோம். சாரதி சேலையைப் பார்த்து, "கல்யாணத்துக்கா?" என்றார். "ஆமாம், எங்களுடையதுக்கு" என்றேன். என் தொப்பையைப் பார்த்துவிட்டு அவர் மேலே கேட்கவில்லை.

கீழே நல்ல வெயில், மேலே ஒரே பனிமூட்டம். கோட்டை வாசலில் நின்றும் கோட்டை தெரியவில்லை. கல் பதித்த ஒழுங்கைகளும் பாதாம் இனிப்பு வாசமும் அருமைதான். ஆனால் வதனி செருப்பு வழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"இதுக்கோ விடிய எழும்பிச் சேலை கட்டினனான்?"

"கொஞ்சம் பொறும், கலையும்."

"பத்து வருஷமாப் பொறுத்திட்டன்."

வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, கொண்டுவந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம். மூன்று மணியாகியும் மூட்டம் அசையவில்லை. நாலு மணிப் பஸ்ஸை விட்டால் சிஞ்ஞோராவின் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரமுடியாது. வதனி சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள். எனக்குப் பாவமாக இருந்தது.

போகும் வழியில் மாதா கோயில் வாசலில் ஒரு கல்யாணம். சிசிலியில் மணமக்கள் வெளியே வந்ததும் அரிசி எறிவார்கள். தூவுவதில்லை, ஆலங்கட்டி மழை மாதிரி எறிவார்கள். ஒரு பெண் எல்லோருக்கும் அரிசிப் பை கொடுத்துக்கொண்டு வந்தவள், சேலையைக் கண்டு விருந்தாளி என்று நினைத்தாளோ என்னவோ, வதனிக்கும் ஒன்று கொடுத்தாள். வதனி எறியவில்லை. நேரே மணமக்களிடம் போய், எங்கள் அறுகரிசி வழக்கப்படி இரு கையாலும் முழங்கால், தோள், தலை என்று மூன்று தரம் போட்டாள். எறிய ஓங்கிய கைகளெல்லாம் அப்படியே நின்றன. எனக்கு உயிர் போய் வந்தது. மணமகளோ தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"உங்கள் ஊரில் இப்படியா?" என்று மணமகளின் தாய் கேட்டார். வதனி இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், இன்று பத்தாவது வருடம், எங்களுக்கு ஒருவரும் போடவில்லை என்பது வரை. நான் முந்தானையை இழுத்தும் நிறுத்தவில்லை.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் அதே படியில் நிறுத்தினார். முழங்கால், தோள், தலை. அவருக்குப் பின்னால் கல்யாண வீடே வரிசையில் வந்தது. கடைசியில் நின்றவர்கள் பொறுமையிழந்து தங்கள் முறைப்படியே எறிந்தார்கள். வதனி சிரித்துக்கொண்டே அழுதாள், நானும்தான். படமெடுக்க வந்தவர் எங்கள் போனிலும் ஒன்று எடுத்துத் தந்தார். பிறகு பஸ்ஸுக்கு ஓடினோம், பிடித்தோம்.

போகிறவர்கள் கோடையிலும் சுவெட்டர் கொண்டுபோங்கள், வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், கேபிள் காரை மட்டும் நம்பாமல் பஸ் நேரத்தையும் பார்த்து வையுங்கள். கோட்டையிலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் படத்தில் இரண்டுமே இல்லை. என் தொப்பிக்கு இப்போது வேறு ஆணி அடிக்கவேண்டும்.